அப்பா கொத்திய மணல்

மணலைக் கொத்துவது பெரிய வித்தை இல்லை, முதல்வர் ஐயா. நீளம் தாண்டுகிறவர்கள் விழும் குழி பஞ்சுபோல இருக்கவேண்டும். மண்வெட்டியால் ஆழமாகக் கொத்திப் புரட்டி, மேலே இழுத்துச் சமன்செய்தால் போதும். கல்லூரி மைதானத்தில் அதற்கு ஆள் உண்டு. இருந்தாலும் என் மகள் பயிற்சிக்குக் குழி கொத்துவது நான்தான். “அப்பா கொத்தினாதான் எனக்குக் கால் நம்பி இறங்கும்” என்பாள்.

அந்த மைதானக்காரரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டீர்களாம். அவரை விட்டுவிடுங்கள். தன் குற்றத்தை அடுத்தவன் தலையில் கட்டுவது எங்கள் பரம்பரையில் இல்லை.

என் தகப்பனார் ஓட்டக்காரர், நான் உயரம் தாண்டியவன். எங்கள் கூடத்து அலமாரியில் இரண்டாம் பரிசு என்று ஒன்று கிடையாது. கல்லூரியில் சேர்ந்த நாள்முதல் மகளும் அதைக் காப்பாற்றினாள். இந்த ஆண்டு புதிதாக வந்த ஒரு பெண், பயிற்சியிலேயே இவளைவிட ஒரு சாண் தள்ளி விழுந்தாள்.

“பெரியவரே, அலமாரியக் கொஞ்சம் ஒதுக்கி வைங்க. வெள்ளிக்கும் இடம் வேணும்ல” என்று பயிற்சியாளர் சிரித்தார்.

காய்ச்சல் என்று சொல்லி விலகிவிடும்படி மகளிடம் சொன்னேன்.

“எதுக்குப்பா? தோத்தா தோத்துட்டுப் போறேன். அவ என்ன அழகா குதிக்கிறா! கைகுடுத்துட்டு வந்து உங்ககூட டீ குடிப்பேன்.”

அவளுக்கு அது விளையாட்டு.

போட்டிக்கு முந்தின காலை நாங்கள் இருவர்தான் மைதானத்தில். அவள் உடம்பைச் சூடேற்ற ஓடப்போனபோது, அவள் குதிகால் படும் இடத்தில் நான் தண்ணீர் விட்டுத் திமிசுக்கட்டையால் இடித்தேன். தரை கல்லாக இறுகியது. மேலே மெல்லியதாக உதிரி மணலைத் தூவிச் சமன்செய்தேன். ஒரு சுளுக்கு, ஒரு கட்டு. நான் நினைத்தது அவ்வளவுதான்.

“கொத்தியாச்சாப்பா?”

“ஆச்சும்மா, வா.”

அவள் அப்படிப் பறந்து நான் பார்த்ததே இல்லை. விழுந்த சத்தம் மணலில் விழுந்த சத்தமாக இல்லை.

ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை நாடாவை எடுத்து அவள் தடத்தை அளந்தேன். அந்தப் பெண் தாண்டியதைவிட அதிகம்.

முதுகெலும்பு நொறுங்கிவிட்டது, இனி எழுந்து நிற்கமாட்டாள் என்று டாக்டர் சொன்னார். கண் விழித்ததும் அவள் என் கையைத்தான் தேடினாள். “நான்தான்பா சரியா இறங்கல. நீங்க மனசக் கஷ்டப்படுத்திக்காதீங்க.”

தலையை வருடிக்கொடுத்தேன். இல்லை என்று சொல்லவில்லை.

செய்தது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள்: என் மகளை இன்றுவரை யாரும் தோற்கடித்ததில்லை.