ஜன்னல் வழியா போட்ட பை

இல்ல மேடம், நான் உங்கள திருடின்னு சொல்லவே இல்லியே! உங்க மடியத்தான் பாத்தேன். நீங்க குந்திக்கினு இருக்கீங்களே, இதே ஜன்னல் சீட்டுல நான் பை போட்டேன். ஊதா கலரு கட்டப்பை. விழுப்புரம் ஸ்டாண்டுல பஸ்ஸு நிக்கறதுக்குள்ள கீழ இருந்தே போட்டுட்டேன். படியேறி வந்து பாத்தா பையும் இல்ல, சீட்டும் இல்ல. நீங்க இருக்கீங்க!

சரி, கோச்சிக்காதீங்க. சீட்டு போனா போவுது. பையில இன்னா இருந்துச்சு தெரியுமா? எங்க மாமியாரு பல்லு.

சிரிக்காதீங்க மேடம்! மேலயும் கீழயும் புது செட்டு. இன்னிக்கி காத்தால தான் வாங்கினேன். பன்னெண்டு மணிக்கு திண்டிவனத்துல எங்க நாத்தனா பொண்ணு ஆர்த்திக்கு நிச்சயம். மாப்ள வூட்டுக்காரங்க முன்னாடி பல்லு இல்லாம வரமாட்டேன்னு அத்தை ரூம சாத்திக்கினு இருக்காங்க.

தொலஞ்சி போச்சின்னா யாரு நம்புவாங்க? போன மாசம் நான் வாய வெச்சிக்கினு சும்மா இல்லாம, பக்கத்து வூட்டு கலைமதிகிட்ட, "பல்லு வேற வந்துட்டா எங்கத்தைய யாரு புடிக்கறது"ன்னு சொல்லிட்டேன். கலைமதிகிட்ட சொன்னா மைக் செட்டே வேணாம். இப்ப வேணும்னே தொலச்சேன்னு தான் சொல்லுவாங்க. அதான் மேடம்... எங்க வூட்டுக்காரரு வேங்கடேசன் போன் பண்ணா, நீங்க ஒரே ஒரு வார்த்த, "ஆமா சார், பை திருடு போச்சு, நான் பாத்தேன்"னு... படிச்சவங்க சொன்னா நம்புவாரு.

நானே அவருக்கு போட்டேன். ரிங்கு போறதுக்கு முன்னாடி ஒரு பொம்பள வர்றா பாருங்க... "உங்கள் ஓ.டி.பி.யை யாரிடமும் பகிர வேண்டாம்..." அடியே, இங்க பல்லே போச்சு! கடசில பாத்தா "வேறொரு அழைப்பில் உள்ளார்".

பின்னால கேக்குதா? ரீல்ஸு! நாலு செகண்டு அழுவ, நாலு செகண்டு மீன் கொழம்பு, நாலு செகண்டு சாமி. ஒண்ணாவது முடியுதா? கண்டக்டரு அதுக்கு மேல. "உள்ள போ உள்ள போ, நடுவுல காலியா கெடக்குது பாரு!" நடுவுல நிக்கற ஆளோட மூச்சு என் கழுத்துல அடிக்குது, இவருக்கு காலியாம்!

அந்த சீட்டுக்கு எவ்ளோ பேஜாரு பட்டேன் தெரியுமா? வெயிலு எந்தப் பக்கம் அடிக்கும்னு கணக்கு போட்டு, நெழலு பக்கமா பாத்து போட்டேன். உள்ள வெள்ள சட்ட போட்ட ஒருத்தரு, "யம்மா, யம்மா, இந்த பஸ்ஸு..."ன்னு இழுத்தாரு. "பஸ்ஸெல்லாம் எனக்குத் தெரியும், பைய தொடாத"ன்னேன். அப்பவும் பைய வெளிய நீட்டறாரு! வுடுவனா? அவரு கையோட சேத்து உள்ள தள்ளிவுட்டேன்ல!

இருங்க, புது நம்பரு... ஹலோ! லோனெல்லாம் வேணாம்பா... இன்னாது? பையா? ஊதா கலரா? பல்லு டாக்டர் பில்லுல நம்பர பாத்தீங்களா... நீங்க நல்லா இருக்கணும் சாமி! எங்க இருக்கீங்க?... கஞ்சனூரா? திண்டிவனம் போற வழில கஞ்சனூரு எங்க வர்து?... ஓ... செஞ்சி பஸ்ஸா... வெள்ள சட்ட... நீங்க தானா அது... சொன்னீங்க சார், சொல்லத்தான் பாத்தீங்க... செஞ்சில இருந்து திண்டிவனம் பஸ்ஸுல குடுத்து வுடுறீங்களா? ஒரு மணிக்கு மேலயா வரும்?... சரி சார்... வைக்கறேன்.

மேடம்... ரெண்டு பஸ்ஸு ஒண்ணா வந்துதுங்க. யாரு போர்ட பாத்தா, நெழலத்தானே பாத்தேன்! அதனால திருடு போச்சுன்னு சொல்லாதீங்க. போர்ட மாத்தி வெச்சிட்டாங்கன்னு சொல்லுங்க. இதோ, அவரே அடிக்கறாரு.

ஏங்க... பல்லா? பத்தரமா இருக்குதுங்க... இல்ல, எங்கிட்ட இல்ல... செஞ்சிக்குப் போயிருக்குது... பல்லு மட்டும் தாங்க... ஐயோ, அத்தைகிட்ட ஏன் குடுக்கறீங்க... அத்தே... அத்தே... ம்... ம்...

கேட்டீங்களா மேடம்? ஸ்பீக்கர்ல போடாமயே கடசி சீட்டு வரைக்கும் கேட்டுது. எங்க அம்மா வூட்டுல ஆரம்பிச்சி கலைமதி வரைக்கும் வந்துட்டாங்க. ஒரு எழுத்தாவது வழுக்குதா? இவங்களுக்கு பல்லு எதுக்கு மேடம்? ஜல்தியா போன புடிங்க, நீங்க ஒரு வார்த்த...

மேடம்? எங்க எழுந்துட்டீங்க? திண்டிவனம் டிக்கெட்டு தானே வாங்கினீங்க! மேடம்... இது விக்கிரவாண்டி டோல்கேட்டுங்க, இங்க ஸ்டாப்பிங்கே கெடையாது!