துவைக்கிற கல்லுல எழுத்து

பின்னே, நான் இங்க தண்ணிப்பந்தலா நடத்துகேன்? நீ தண்ணி கோரு மக்ளே, கோரு. புதுசா குடிவந்த பிள்ள, ஒன்ன ஒண்ணும் சொல்லல்ல. இந்த ஆரியசாலைத் தெரு மொத்தமும் கொடத்தத் தூக்கிட்டு எங்க கெணத்துக்கு வருதே, அதச் சொல்லுகேன். எல்லாம் அந்தக் கல்லெழுத்து ஸாரு செஞ்ச வேல!

நாகேஸ்வரன்னு பேரு. ஸ்ரீவராகத்துல வீடெடுத்துத் தாமசம். பழைய கல்லுல உள்ள எழுத்த வாசிச்சு, எந்த ராஜா எப்ப இருந்தான், ஜனங்க எப்பிடிப் பொழைச்சாங்கன்னு கண்டுபிடிப்பாராம். நாஞ்சிநாட்ட மெட்ராஸோட சேக்கணும்னு ஊரே கொடி பிடிச்சு நடக்கு, இந்த ஆளு செத்த ராஜாவுக்கு வயசு பாக்காரு... செரி, அது போட்டும்.

அந்தா, செவருல சாத்தி வச்சிருக்கே, அந்தக் கல்லுதான். அதுலதான் துணி தொவைச்சுக்கிட்டிருந்தோம். அப்பம் பாதி மண்ணுக்குள்ள, பாதி வெளிய. பாம்பு நெளிஞ்சாப்ல எழுத்து. பக்கத்துவீட்டுச் சொர்ணம்மா, "பாதிக் கெணறு எனக்காக்கும்"ங்கா. நான் விடுவேனா? எங்கவீட்டு அவியகிட்டச் சொன்னேன், "அந்த ஸாரக் கூட்டிட்டு வாங்க, கெணறு நம்மளுதுன்னு கல்லே சொல்லட்டும்"னு. "சும்மா கெடக்க கல்ல எதுக்குட்டி நோண்டுக?"ன்னாவ. ஆம்பளையளுக்கு என்ன தெரியும்!

வந்தாரு. கல்லக் கழுவி, ஈரக் காகிதத்த ஒட்டி, பிரஷ்ஷால தட்டி, மேல மைய ஒத்தி எடுத்தாரு. மைப்படியாம். நடுவுல எங்க இட்லியும் உள்ளே போச்சு. வாசிக்கதுக்கு முன்ன தெருவுல உள்ள அம்புட்டுப் பேரையும் நான் கூப்பிட்டேன். சொர்ணம்மாளுக்கு முன்னால பாய் போட்டேன். ஊரறிய நாறட்டும்னு!

ஸாரு கண்ணாடிய மாட்டிட்டு வாசிச்சாரு: "இக்கிணறு வழிப்போவார் எல்லார்க்கும் பொது. இது விலக்கினார் கெங்கைக்கரையில் பசுக் கொன்றார் பாவம் கொள்வார்." சொர்ணம்மா சிரிச்ச சிரிப்பிருக்கே... ஐயோ!

யாரோ கொற்றன் நங்கையாம், வியாபாரி வீட்டுப் பொம்பள. தலைச்சொமடு கொண்டு வாறவங்க தாகத்துக்கு வெட்டுனாளாம். ஸாருக்குக் கண்ணு நெறஞ்சு போச்சு. "ஒரு பொம்பள ஊருக்காகச் செஞ்சிருக்கா, எவ்ளோ பெரிய விஷயம் அம்மா!"ங்காரு. அவளுக்கென்ன, எழுதி வச்சிட்டுப் போய்ச் சேந்தா! கொடத்தோட வாறதுகளுக்கு வழிவிடுகது நானில்லா?

அதோட போதும், மதின்னு இருந்திருக்கலாம். நான் விடல்ல. "ஸாரே, மண்ணுக்குள்ளயும் எழுத்து இருக்கும், நமக்குச் சாதகமா ஏதாவது கெடக்கும்"னு சொல்லி, ஆளு வச்சு தோண்டி எடுத்துக் குடுத்தேன். வாசிச்சாரு. கயிறும் வாளியும் கெணத்தடியில உள்ள பழைய வீட்டுக்காரங்களே குடுக்கணுமாம்! எல்லாரும் திரும்பி என்னப் பாக்காங்க. எங்க வீடுதான் பழைய வீடு, சொர்ணம்மா வீடு நேத்து மொளச்சதுன்னு வாயி வலிக்கச் சொன்னது நானில்லா? இப்பம் மாறிப் பேச முடியுமா?

நீயே ஞாயம் சொல்லு மக்ளே... எட்டீ! கொடம் நெறஞ்சதும் போயிட்டாளே! ஏ பிள்ள, வாளி எங்கட்டீ? கயிறு மட்டுந்தானே கெடக்கு...

கெணத்துக்குள்ளயா?