அரை மணி நேரத்துக் கங்காணி

எங்கள் கம்பனிச் சங்குக்கு நல்ல குரல், ஐயா. பேராதனை வீதியில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள்கூட அதைக் கேட்டுக் கைக்கடிகாரத்தைத் திருத்துவார்கள். இந்தச் சித்திரைக்குப் பிறகு அப்படித் திருத்தியவர்கள் எல்லோருக்கும் நேரம் பிழை. அதைப் பற்றித்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

என் பெயர் செசிலியா. கண்டியில் தேயிலைத் தூள் பொதி செய்யும் கம்பனியில் அலுவலக நிர்வாகம் என் பொறுப்பு. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் வரும். பொய் வராது, கொன்வென்ட்டில் படித்தவள். நான் தமிழில் சொல்லும் இந்த வாக்குமூலத்தையும் நானேதான் சிங்களத்தில் மாற்றித் தரவேண்டுமாம். உங்களிடம் வேறு ஆள் இல்லை. பரவாயில்லை, சில இடங்களில் சுருக்கிக்கொள்கிறேன்.

பத்து வருடமாக நாடே அரை மணி நேரம் முன்னால் ஓடியது உங்களுக்குத் தெரியும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அரசாங்கம் கடிகாரத்தை முன்னுக்கு நகர்த்தியது. அந்தப் புது நேரத்தை ஏற்காதவர்கள் இரண்டு பகுதியினர்தான்: வன்னியில் இருக்கும் புலிகள், சில பன்சலைகளில் இருக்கும் பௌத்த பிக்குமார். இந்த வருடப்பிறப்போடு அரசாங்கமே பழைய நேரத்துக்குத் திரும்பிவிட்டது. எங்கள் சேர்வர் திரும்பவில்லை.

அது மேல்மாடியில் குளிரூட்டிய அறையில் இருக்கும் லினக்ஸ் சேர்வர். சங்கை ஊதுவதும் அதுதான், விரல் வைத்தால் வரவு பதிவதும் அதுதான். திகன, தெல்தெனிய, கலஹா களஞ்சியங்களில் அதன் தம்பிமார் இருக்கிறார்கள். நாலும் சேர்ந்து நாட்டுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தன. நாட்டில் நாலு மணி அடிக்கும்போது எங்கள் சங்கு நாலரை என்று ஊதும். எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்.

நான் இதில் நன்மையைத்தான் கண்டேன். பொதி செய்யும் பெண்கள் கலஹாவில் இருந்து வருகிறார்கள். வழியெல்லாம் சோதனைச்சாவடி. இருட்டுமுன் வீடு போய்ச் சேர வேண்டாமா? எனக்கும் வீட்டில் சாருமதி இருக்கிறாள். பாவம், மாமியார் கொடுமை. பின்னேரத்தில் அந்த அரை மணி நேரம்தான் அவளோடு இருக்க எனக்குக் கிடைக்கிறது. ஆனால் நான் என்னைப் பற்றிப் பேச வரவில்லை.

கொழும்பில் இருந்து ஒருவர் வந்து நேரத்தைக் கையால் திருத்திவிட்டுப் போனார். அன்றே திரும்ப அரை மணி முன்னுக்கு வைத்தேன். கடவுச்சொல் என் பிறந்த திகதி. கம்பனியில் எல்லாப் பூட்டுக்கும் அதுதான்.

பிறகு விவேகானந்தனை அனுப்பினார்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, மரியாதையானவர். அவர் வந்து உட்கார்ந்த அன்று, பொதி செய்யும் ராக்கம்மா மாடியேறி வந்தாள்.

"மிஸ், இந்த மெசினுக்கு யாராச்சும் புத்தி சொல்லுங்க. மொத பஸ்ஸுல வந்தாலும் லேட்டுன்னு செவப்பா காட்டுது. இன்னொரு வாட்டி காட்டுனா வேலைய விட்டு நிப்பாட்டிருவேன்னு தொரை சொல்லிட்டாரு."

"பின்னேரம் நேரத்தோட போறீங்கதானே, ராக்கம்மா?"

"எங்கிட்டு போறது? பஸ்ஸு வாரப்பதானே வரும். அரை மணி நேரம் ஸ்டாண்டுல நின்னு கடலை கொறிக்கிறோம்."

தங்களுக்கு எது நல்லது என்று தெரியாதவர்களுக்கு நல்லது செய்வது கடினம், ஐயா.

"அக்கா, பயப்படாதேங்கோ," என்றார் விவேகானந்தன் அவளிடம். "நான் ஒரு மென்பொருள் போடுறன். ஒவ்வொரு சேர்வரும் எப்பிடி இருக்கவேணும் எண்டு இஞ்ச ஒருக்கா எழுதினால் காணும். அரை மணிக்கு ஒருக்கா நாலு இடமும் சரி பாக்கும். ஆரும் கை வைச்சிருந்தால் திரும்ப நேராக்கிப்போடும்."

"கங்காணி மாதிரியா, தம்பி?" என்றாள் ராக்கம்மா.

"ஓம், கங்காணிதான். ஆனால் ஏசாது."

"ஏசாத கங்காணியா? எங்க தோட்டத்துக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்க, சாமி."

அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆரும் கை வைச்சிருந்தால் என்ற சொல் மட்டும் என் காதில் நின்றது.

கங்காணியை நிறுவுவது இலேசாக இருக்கவில்லை. ஒரு மென்பொருள் பொதியைப் போட்டால் அது இன்னொரு பொதியைக் கேட்டது. அதைப் போட்டால் அது வேறொன்றைக் கேட்டது. சம்பந்தி வீட்டார் மாதிரி. எல்லாம் முடிந்து, களஞ்சியங்களோடு இணைக்கும் நாள் நேற்று வந்தது. தலைமைச் சேர்வருக்கு மாஸ்டர் என்று பெயராம். ஒவ்வொரு களஞ்சியத்திலும் இருந்து மாஸ்டர் சொற்படி நடக்கும் சின்ன மென்பொருளுக்கு ஏஜென்ட் என்று பெயராம்.

நேற்றுத்தான் கேற்றடிக் காவலரணில் நிற்கும் சார்ஜனைத் தேநீருக்கு அழைத்தேன். வெயிலில் நிற்கிறார், பாவம். குளிர்காற்று வரட்டும் என்று சேர்வர் அறைக் கதவைத் திறந்து வைத்தேன். உள்ளே விவேகானந்தன் ஒலிபெருக்கியில் திகனையோடு பேசிக்கொண்டிருந்தார்.

"ஜமால்தீன் நானா, உங்கட ஏஜென்ட் உயிரோடை இருக்கோ?"

"மவுத்தாகிட்டு போல தம்பி. ஒரு சத்தமும் இல்ல."

"அரை உயிரிலை கிடக்கும். கொல்லுங்கோ. பிறகு எழுப்பலாம்."

"கொன்டா மாஸ்டர் ஒண்டும் சொல்ல மாட்டாரா?"

"மாஸ்டருக்குத் தெரியும். மற்ற ரெண்டு ஏஜென்டும் கையெழுத்துக்குக் காத்துக்கொண்டு நிக்கினம். நான் சான்றிதழ் குடுத்தால்தான் உள்ளுக்கை விடும்."

சார்ஜன் கோப்பையைக் கீழே வைத்தார். "மொகத கியன்னே, மிஸ்?"

என்ன சொல்கிறார் என்று கேட்டால் சொல்லத்தானே வேண்டும். சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன். திகனையில் இருக்கும் உளவாளியைக் கொல்லச் சொல்கிறார். தலைவருக்கு அது தெரியுமாம். மற்ற உளவாளிகளுக்கு இவர்தான் அடையாளச் சான்று கொடுக்கிறாராம்.

"நான் இதை அமத்தினவுடனை," என்றார் உள்ளே விவேகானந்தன், "திகன, தெல்தெனிய, கலஹா, கண்டி, எல்லாம் ஒரேயடியாய்ப் பழைய நேரத்துக்கு வந்திடும்."

அதையும் மொழிபெயர்த்தேன். பழைய நேரம் யாருடைய நேரம் என்று சார்ஜன் யோசித்தது முகத்தில் தெரிந்தது. இரண்டு மாதமாக அது அரசாங்கத்தின் நேரமும்தான் என்று நான் நினைவூட்டவில்லை. சொன்னதை மட்டும் சொல்வதுதான் மொழிபெயர்ப்பு.

சார்ஜன் போய் அவர் தோளைப் பிடித்தார். விவேகானந்தன் திடுக்கிட்டதில் விரல் விசையில் பட்டுவிட்டது.

"மிஸ், இது கொம்பியூட்டர் எண்டு சொல்லுங்கோ, மிஸ்."

சொன்னேன். எல்லாவற்றையும் கம்பியூட்டர் மூலம்தான் செய்கிறாராம் என்று.

ஜீப் போன பிறகு சங்குக்காகக் காத்திருந்தேன். நாலு மணிக்கு ஊதவில்லை. நாலரைக்கு ஊதியது. ஆள் இங்கே உள்ளே; நாலு ஊரிலும் நேரம் மாறுகிறது; கூட்டாளி யார் என்று நீங்கள் தேடியது நியாயம். இன்று காலை ராக்கம்மா விரல் வைத்தபோது பச்சை காட்டியது. மெசினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவள் கீழே போனதும் நான் நேரத்தைத் திரும்ப அரை மணி முன்னுக்கு வைத்தேன். அரை மணியில் கங்காணி திருத்திவிட்டது. திரும்ப வைத்தேன். திரும்பத் திருத்தியது. ஏசவில்லை, அது உண்மை. மத்தியானம் உங்கள் ஆட்கள் மாடிக்கு வந்தபோதும் என் விரல் விசையில்தான் இருந்தது.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். நேரத்தைக் கெடுத்தது நான். சார்ஜனை அழைத்ததும் நான். அந்தப் பிள்ளையிடம் ஒரு குற்றமும் இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும். எல்லாம் கலஹாப் பெண்களுக்காகத்தான் செய்தேன். அவர்கள் வேறு விதமாகச் சொல்வார்கள், பொருட்படுத்தாதீர்கள்.

கையெழுத்தைப் பிறகு வைக்கிறேன், ஐயா. நாலரை ஆகப் போகிறது. அந்த அலுமாரிக்கு மேல் இருக்கும் தொலைக்காட்சி வேலை செய்யுமா? முந்தாநாள் மாமியார் சாருமதியின் பாலில் எதையோ கலந்ததோடு 'தொடரும்' போட்டுவிட்டார்கள். நேற்று அந்தச் சங்கால் நான் பார்க்கவில்லை. பக்கத்து அறையில் விவேகானந்தனைக் கொஞ்சம் மெல்லமாகக் கத்தச் சொல்லுங்கள், வசனம் கேட்காது. ஒரு பாவமும் அறியாத பிள்ளையின் உயிர் விடயம், ஐயா.