மூலைக் கதிரை

அந்தக் கதிரையிலேயே இருங்கள் மிஸ். ஒரு கால் கொஞ்சம் கட்டைதான், ஆனால் அட்டைப்பெட்டியைக் கிழித்து மடித்துக் கீழே வைத்திருக்கிறேன், ஆடாது. ஃபேன் காற்று நேராக வருகிற ஒரே இடமும் அதுதான். தேத்தண்ணிக்கு இஞ்சி தட்டிப் போடச் சொல்லியிருக்கிறேன். தம்புள்ளை வெயிலில் வெறும் தேத்தண்ணி குடித்தால் தலை இடிக்கும்.

மூன்று நாளாக உங்களுக்கு ஒளித்துத் திரிந்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். லீக்கின் ஊழல் தடுப்பு அதிகாரி, கொழும்பிலிருந்து வந்த அனுஷியா மிஸ், அன்ஸாப் எங்கே அன்ஸாப் எங்கே என்று தேடுகிறா என்று டிரெஸ்ஸிங் ரூமில் எல்லாரும் பகிடி பண்ணினார்கள். நான் மாத்தளை பெப்பர்ஸ் அணியின் கிட் பார்க்கிற ஆள். பை தூக்குவது, சப்பாத்துக்கு ஸ்பைக்ஸ் முறுக்குவது, துவாய் மடிப்பது, வலைப்பயிற்சியில் பந்து எறிந்து கொடுப்பது. என்னைத் தேடி ஒரு அதிகாரி வருவதே எனக்குப் பெருமைதான். இன்றைக்கு நானே ஆள் அனுப்பி உங்களைக் கூப்பிட்டேன். ஆட்டம் நடக்கிற நேரத்தில் பேசலாமா என்று கேட்டீர்கள். தாராளமாகப் பேசலாம். நம் ஆட்கள் துடுப்பெடுத்தாடும்போது எனக்கு வேலை குறைவு. மற்றவர்கள் வெளியே மைதான ஓரத்தில் இருக்கிறார்கள், டிரெஸ்ஸிங் ரூமில் நாம் இரண்டு பேர்தான்.

உங்கள் கேள்வியையும் சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டீர்கள், அது எனக்குப் பிடித்தது. போன வருட சீசனில் விஜேந்திரன் என்ற துடுப்பாட்டக்காரன் ஒரே ஒரு ஆட்டம் ஆடினான், அதற்குப் பிறகு மூன்று தடவை அவன் பெயர் ஆடும் பதினொரு பேரில் வந்தது. மூன்று தடவையும் கடைசி நேரத்தில் விலகினான். முதலில் வயிறு, பிறகு கணுக்கால், இறுதி ஆட்டத்தில் மறுபடியும் கணுக்கால். அவனை வெளியே வைக்கச் சொல்லி சூதாட்டக்காரர்கள் எனக்குக் காசு தந்தார்களா?

இல்லை மிஸ். ஒரு சதம் வாங்கவில்லை. என் ஊர் உக்குவளையில் என்னைப் பற்றி யாரிடம் வேண்டுமானாலும் விசாரியுங்கள். ஐந்து வேளை இல்லாவிட்டாலும் மூன்று வேளை தொழுகிறவன். அவனை வெளியே வைத்தது நான்தான், மூன்று தடவையும். ஆனால் காசுக்காகச் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அதை என்னால் தாங்க முடியாது.

இறுதி ஆட்டத்துக்கு அடுத்த நாள் அவன் இறந்துபோனதும் உங்கள் கோப்பில் இருக்கும். குளியலறையில் வழுக்கி விழுந்தான் என்று போட்டிருப்பார்கள். அதற்கும் வருகிறேன். அவசரம் வேண்டாம்.

அந்தச் சத்தம் நாலு ரன்னுக்கு. பப்பரே பேண்ட்காரர்கள் ஆறுக்கு வேறு மாதிரி ஊதுவார்கள்.

விஜேந்திரனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இருபத்து நாலு வயது. உக்குவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் வளர்ந்தவன். அம்மா அழகம்மா கொழுந்து எடுக்கிறவ. வீரர்கள் ஏலத்தில் எல்லாப் பெயரும் முடிந்த பிறகு, கூட்டுகிற ஆள் விளக்குமாற்றோடு வந்து நின்ற நேரத்தில், இவனை எடுத்தார்கள். அணியில் என்னை ஒரு அண்ணனாக நினைத்து "சாப்பிட்டீங்களா நானா?" என்று கேட்கிற ஒரே ஆள் அவன்தான். இருபது பேரில் எனக்கு மிகவும் பிடித்தவன். அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

போன சீசனில் முதல் இரண்டு ஆட்டமும் தோற்றோம். தோற்றோம் என்பது மரியாதையான சொல். இரண்டாவது ஆட்டம் முடிந்து பஸ்ஸில் ஏறும்போது ஒரு மரக்கறி லொறிக்காரன் எங்களைப் பார்த்து ஒரு முட்டைக்கோவாவை நீட்டினான். கோப்பைக்குப் பதிலாம். மூன்றாவது ஆட்டத்திலும் தொண்ணூறுக்கு ஏழு விக்கெட் போய்விட்டது. அப்போது வெளியே இருந்து வந்த விஜேந்திரன் தன் இடத்தில் யாரோ காலணியைக் காயப் போட்டிருந்ததால், மூலையில் கிடந்த ஒரு கதிரையில் உட்கார்ந்தான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு விக்கெட்டே விழவில்லை. கடைசி ஓவரில் வென்றோம்.

உங்களுக்கும் தெரிந்த வழக்கம்தான் மிஸ். களத்தில் ஒரு சோடி நிலைத்து ஆடும்போது டிரெஸ்ஸிங் ரூமில் இருந்தவன் இருந்த இடத்தில், நின்றவன் நின்ற இடத்தில். மூத்திரம் வந்தாலும் அடக்கு. எங்கள் கேப்டன் பஸ்லி இந்த விஷயத்தில் மிகவும் கறார். "ஒருத்தனும் அசையக் கூடாது" என்று மைதானம் தெரிகிற கதவைப் பார்த்தபடியே சொல்வான், திரும்பிச் சொன்னால் அதுவே ராசியைக் கெடுத்துவிடும் என்று. பிசியோ ஒரு தடவை சப்பாத்துக் கழற்றும்போது நம் ஆள் ஆறு அடித்தான். அதற்குப் பிறகு எல்லா ஆட்டத்திலும் ஒரு கால் சப்பாத்தோடுதான் இருந்தார். எல்லாரும் சிரிப்பார்கள், ஆனால் எல்லாரும் செய்வார்கள்.

நாலாவது ஆட்டத்திலும் விஜேந்திரன் மூலையில் இருந்தான், வென்றோம். ஐந்தாவதில் ஒருவனுக்குக் காய்ச்சல் என்று இவனை இறக்கினார்கள். நாற்பத்தாறு அடித்தான். அந்த நாற்பத்தாறைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன், கவர் பக்கம் அடித்த இரண்டு அடி இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஆனால் கதிரை காலியாக இருந்தது. மூன்று ரன்னால் தோற்றோம்.

யாராவது ஒருவர் இதைக் கவனிக்க வேண்டியிருந்தது. மற்றவர்கள் சராசரியையும் ஸ்ட்ரைக் ரேட்டையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கதிரையைப் பார்த்தேன்.

தண்ணீர்ப் போத்தலா? எழும்ப வேண்டாம், நான் எடுத்துத் தருகிறேன்.

ஆறாவது ஆட்டத்துக்கும் அவன் பெயர் வந்தது. செவ்விளநீரில் இரண்டு பேதி மாத்திரையைக் கரைத்துக் கொடுத்தேன். "நல்ல இனிப்பு நானா" என்று குடித்தான். கோச்சிடம் வயிறு சரியில்லை என்று அவனே போய்ச் சொன்னான், பாவம். இரண்டாவது பாதிக்குள் வயிறு அடங்கி, மூலையில் வந்து உட்கார்ந்தான். வென்றோம். ஏழாவதில் இடது சப்பாத்தின் முன் ஸ்பைக்ஸ் இரண்டைக் கழற்றி வைத்தேன். வார்ம் அப்பில் சறுக்கிக் கணுக்கால் பிரண்டது. வென்றோம். எட்டாவதுக்குள் கால் ஆறவில்லை. அதையும் வென்று இறுதி ஆட்டத்துக்குப் போனோம். மாத்தளை டவுனில் வெடி கொளுத்தினார்கள். லொறிக்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போனார்கள். என் மனைவி றஸ்மியா, கிரிக்கெட் என்றால் டிவியை அணைக்கிறவ, அவவே முட்டாசு வாங்கிப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தா. அந்தச் சந்தோஷத்துக்கு ஒரு கணுக்கால் என்ன பெரிய விலையா? நீங்களே சொல்லுங்கள்.

எழுதுகிறீர்களா? நல்லது. சரியாகச் சொல்ல வேண்டிய பகுதி இனிமேல்தான்.

இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள் பஸ்லி அவனிடம், "விஜி, நாளைக்கு நீதான் மூணாவதா இறங்குற" என்று சொல்லிவிட்டான். அவன் உடனே அம்மாவுக்குப் போன் போட்டான். அழகம்மா அதற்கு முன் நாலு ஆட்டத்துக்கு வந்திருந்தா. நாலிலும் மகன் வார்ம் அப்பில் ஓடினதைத்தான் பார்த்தா. அந்த நாற்பத்தாறு அடித்த அன்று தோட்டத்தில் லீவு கிடைக்கவில்லை. மகன் துடுப்போடு இறங்குவதை ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும் என்று மாத்தளையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தா.

காலையில் வலைக்கு வந்தான். வேறு யாரும் வரவில்லை. "நானா, அஞ்சு நிமிஷம் எறிஞ்சு தாங்க. கை சூடேறட்டும்" என்றான். நீளக் கைப்பிடி வைத்த குச்சியால்தான் எறிவோம், நல்ல வேகம் வரும். நான் அவனுடைய வலது கை விரலைக் குறி பார்த்தேன். ஒரு விரல் முறிந்தால் ஆறு கிழமையில் கூடிவிடும். நான் நினைத்தது அவ்வளவுதான். நாலு பந்து சும்மா எறிந்துவிட்டு ஐந்தாவதைக் குட்டையாகக் குத்தினேன். பனியில் நனைந்த பந்து நினைத்ததைவிட எழும்பியது. அவன் தலையைத் திருப்பினான். ஹெல்மெட் முடிகிற இடத்துக்குக் கீழே, காதுக்குப் பின்னால் பட்டது.

ஒரு முழங்காலில் உட்கார்ந்தான். பிறகு எழும்பிச் சிரித்தான். "வெளிநாட்டு பவுலர்மார விட நீங்க வேகம் நானா."

தலையில் பட்டால் விதி என்ன என்று உங்களுக்குத் தெரியும். பிசியோ காதில் விழுந்தால் அந்த நிமிஷமே கண்டிக்கு, ஸ்கேன் எடுக்க. அவனும் ஆட மாட்டான், சரி. ஆனால் கதிரையில் யார் இருப்பது?

"தம்பி, தலையில பட்டவன்னு பேர் வந்தா அடுத்த வருஷம் ஒருத்தனும் எடுக்க மாட்டான். கால் வலின்னு சொல்லிட்டு இன்னைக்கு மட்டும் சும்மா இரி" என்றேன்.

"அம்மா பஸ்ல வந்துக்கிட்டிருக்காங்க நானா."

"அம்மாக்கு நான் சொல்றன்."

நம்பினான். நான் சொன்னால் நம்புகிற பிள்ளை.

மூலையில் உட்கார்ந்தான். எங்களுக்கு நூற்று அறுபத்து நாலு அடிக்க வேண்டும். பத்தாவது ஓவரில் தலை இடிக்கிறது என்றான், ஈரத் துவாய் கொடுத்தேன். பதினாலாவதில் அந்தத் துவாயிலேயே வாந்தி எடுத்தான். சத்தம் வராமல் வாங்கிப் பைக்குள் வைத்துக் கட்டினேன். மூன்று ஓவரில் முப்பத்தாறு வேண்டும் என்ற இடத்தில், "நானா, ரெண்டு ரெண்டா தெரியுது. பிசியோவ கூப்பிடுங்க" என்றான். பிசியோ எட்டடி தூரத்தில் ஒற்றைச் சப்பாத்தோடு கதவைப் பார்த்துக்கொண்டு இருந்தார். யாரும் திரும்பவில்லை. யாரும் திரும்பக் கூடாதே.

பேதி மாத்திரைக்கு, ஸ்பைக்ஸுக்கு, பந்துக்கெல்லாம் நியாயம் இருக்கிறது மிஸ். இதுதான் நீங்கள் எழுத வேண்டியது. அவன் எழும்பினான். கதிரையின் இரண்டு கையையும் பிடித்துப் பாதி எழும்பிவிட்டான். நான் பின்னால் நின்று இரண்டு தோளிலும் கை வைத்து அழுத்தி உட்கார வைத்தேன். "மூணு ஓவர்தான் தம்பி. ரெண்டு பேரும் நல்லா ஆடுறாங்க. இப்ப எழும்பாத." இன்னொரு தடவை எழும்பப் பார்த்தான். இன்னொரு தடவை அழுத்தினேன். இரண்டாவது தடவை பெரிய பலம் தேவைப்படவில்லை. "அம்மா எந்தப் பக்கம் இருக்காங்க?" என்று மட்டும் கேட்டான். நான் கையைக் காட்டினேன். எந்தப் பக்கம் என்று உண்மையில் எனக்குத் தெரியாது.

ஒரு பந்து மிச்சமிருக்க வென்றோம். எல்லாரும் மைதானத்துக்கு ஓடினார்கள். நானும் கொஞ்ச தூரம் ஓடினேன், பொய் சொல்ல மாட்டேன். திரும்பி வரும்போது அவன் அப்படியே இருந்தான், கண் திறந்தபடி, மூச்சு மட்டும் ஓடியது. தூக்கிக் குளியலறைத் தரையில் கிடத்திவிட்டு, வழுக்கி விழுந்துவிட்டான் என்று சத்தம் போட்டேன். அடுத்த நாள் அவன் அடங்கிய பிறகு ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னிடம், தலைக்குள்ளே இரத்தம் கசிந்திருக்கிறது, ஒரு மணித்தியாலம் முந்திக் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பான் என்றார். ஒரு மணித்தியாலத்துக்கு முன் நமக்கு நாலு விக்கெட் போயிருந்தது. அதை டாக்டரிடம் சொன்னால் விளங்குமா?

அழகம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதா. "கடைசி வரைக்கும் புள்ள பக்கத்துல நீங்கதான் இருந்தீங்களாமே நானா." ஆமாம் என்றேன். இருந்தேன்தானே. எனக்கும் அழுகை வந்தது. அவனை அடக்கம் பண்ணின அன்று அணி கறுப்புப் பட்டி கட்டியபோது அதைத் தைத்துக் கொடுத்ததும் நான்தான்.

கையெழுத்தா? போடுகிறேன். எல்லாப் பக்கத்திலும் போடுகிறேன். ஊழல் இல்லை என்ற வரியை மட்டும் முதலில் எழுதுங்கள்.

ஏன் மிஸ் கீழே குனிந்து பார்க்கிறீர்கள்? ஆமாம், அந்தக் கதிரைதான். அதற்குத்தானே அட்டை வைத்தேன். இந்த வருடம் அணியில் ஒருத்தனும் அதில் உட்கார மாட்டேன் என்கிறான். செத்தவன் கதிரையாம். முதல் ஆட்டமே இந்த நிலைமை. நான் உங்களுக்கு ஆள் அனுப்பின நேரம் ஏழு விக்கெட் போய்விட்டது, முப்பது பந்தில் நாற்பத்தொரு ரன் வேண்டியிருந்தது. நீங்கள் வந்து உட்கார்ந்தீர்கள். உங்களுக்குப் பின்னால் இருக்கிற ஜன்னலில் ஸ்கோர்போர்ட் எனக்குத் தெரிகிறது. இன்னும் அந்த ஏழு விக்கெட்தான், எட்டாவது விழவில்லை.

பயப்பட வேண்டாம், நீங்கள் ஒரு பெண்பிள்ளை, உங்கள் தோளில் நான் கை வைக்க மாட்டேன். கதவையும் காற்றுக்குத்தான் சாத்தியிருக்கிறேன். கடைசி ஓவர், ஏழு ரன். அதுவரைக்கும் என்னிடம் கேட்க இன்னும் ஏதாவது இருக்கும், யோசித்துப் பாருங்கள் மிஸ்.