சந்தையில் அவிழ்த்த தாவணி

காப்பியெல்லாம் வேண்டாமுங்க மாமா. அட, நீங்க எதுக்கு எந்திரிக்கறீங்க, படுத்தே இருங்க. கட்டுப் பிரிக்கற வரைக்கும் கால ஊனவே கூடாதுன்னு வைத்தியரு சொல்லியிருக்கறாராமா. நான் இந்த முக்காலியிலயே உக்காந்துக்கறன். நான் ஆருன்னு தெரியுதுங்களா? நஞ்சப்பன் சம்சாரம், பொன்னாத்தா. ஆமாங்க, அதேதான், கைடு கேப்டனு. சிரிச்சுக்குங்க, பரவாயில்லை. ஊரே சிரிச்சு முடிச்சிருச்சு, நீங்க ஒருத்தர்தான் பாக்கி.

இல்லீங்க, சம்பந்தம் பேச வரலை. பொண்ணோட அப்பன் ஆறுச்சாமியண்ணன் என்னைத் தூது உடலை. உப்புச் சக்கரை மாத்தி நிச்சயம் பண்ணுன பொறவு, தரகு பேசுன பொங்கியண்ணங்கிட்டச் சொல்லி உட்டீங்களாமா, சந்தையில தாவணிய அவுத்த புள்ள எங்கூட்டுக்கு ஆகாதுன்னு. உங்க பையன், உங்க இஷ்டம். ஆனா அந்தப் புள்ளைக்கு அதைச் சொல்லிக் குடுத்துக் கெடுத்தவ நானுன்னு ஊரெல்லாம் பேச்சு. அப்ப நாந்தானுங்களே வந்து பேசோணும்?

மெதுவாப் பேசச் சொல்றீங்களா. எனக்கு மெதுவாப் பேச வராதுங்க. இந்த ஒரு மாசமா மெதுவாத்தான் பேசிட்டிருந்தன், ஒண்ணும் நடக்கலை.

உங்களுக்கு அடி பட்ட அன்னைக்கு உங்க தம்பியும் பங்காளிகளும் உங்களைத் தோள்லயே தூக்கிட்டு ஓடுனாங்களாமா? அப்பிடியா. நல்லதுங்க. பங்காளின்னா அப்பிடித்தான் இருக்கோணும்.

நான் எப்பிடி இந்தக் கைடுல வந்து மாட்டுனன்னு கேக்கறீங்களா? கேளுங்க, சொல்றன். இங்க கைடு நடத்திட்டிருந்த பாருக்குட்டி டீச்சரை ஒத்தப்பாலத்துக்கு மாத்திப்போட்டாங்க. போறதுக்கு முன்னால மகிளா சமாஜத்துல கூட்டம் கூட்டி, பொட்டப்புள்ளைகளோட சாரணர் படை, அந்தக் கைடை நடத்த ஆராவது ஒருத்தர் வரோணும், சம்பளமெல்லாம் கெடையாது, ஆளு இல்லீன்னா கலைச்சுப்போடுவாங்கன்னு சொன்னாங்க. அத்தனை பேரும் முந்தானையத் திருகிட்டுக் குனிஞ்சுட்டாங்க. நான் கையத் தூக்கிட்டன். ஏன் தூக்குனன்னா, பொள்ளாச்சியில எட்டாவது படிச்சுட்டிருந்தப்ப, பெரியவளாயிட்டன்னு எங்கப்பன் என்னைப் பள்ளிக்கூடத்துல இருந்து நிறுத்துனாரு. சீரெல்லாம் பெருசாத்தான் பண்ணுனாங்க. அந்தக் கோவம் எனக்கு இன்னும் அடங்கலீங்க. ரெண்டு பசங்களப் பெத்துப் பண்ணையம் பாத்தும் அடங்கலை.

அப்பறம் ஊட்டுல நடந்ததைக் கேக்கோணுமே. பெத்தது ரெண்டும் பசங்க, உனக்கெதுக்குடீ ஊராங்கூட்டுப் பொட்டப்புள்ளைக தொந்தரவுன்னு எங்க மாமியா. விசிலு ஊதறதுக்கு நீ என்ன பஸ்ஸு கண்டக்டரான்னு எங்கூட்டுக்காரரு. ஆனா கேம்புக்குப் போறப்ப அவரேதான் பொட்டியத் தூக்கிட்டு வந்து மலம்புழா பஸ்ஸுல ஏத்தி உட்டாரு, அதையுஞ் சொல்லோணும். அங்க போனா, எடது காலு, வலது காலு, திரும்பு, நில்லுன்னு என்னைப் போட்டு வாட்டி எடுத்துட்டாங்க. முடிச்சுப் போடறது ஒண்ணுதான் எனக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கலை. மாடு கட்டற கையிங்க இது.

திரும்பி வந்து நீலச் சேலையக் கட்டிக்கிட்டு, கழுத்துல துண்டையும் விசிலையும் மாட்டிக்கிட்டுப் பள்ளிக்கூடத்து மைதானத்துல போயி நின்னா, புள்ளைக வரலை. அம்மாக்காரிகதான் வேலியோரமா வந்து நின்னாங்க, பொறம்போக்கு அளக்க வந்தவளைப் பாக்கற மாதிரி. கொடிக்குச் சல்யூட் அடிக்கற புள்ளைக்கு மாப்பிள்ளை கெடைக்காதுன்னு ஒருத்தி. ஊடு ஊடாப் போனனுங்க. ஒரு ஊட்டுல நாயை அவுத்து உட்டாங்க. எந்த ஊடுன்னு சொல்ல மாட்டன், நாயி நல்ல நாயி, கடிக்கலை. கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிட்டு வந்தா, பண்ணையாளுக குடியிருக்கற சாளையில இருந்து சின்னத்தாயி வந்து வரிசையில நின்னா. உங்க பண்ணையத்துல மாடு மேய்க்கற நல்லதம்பி மகதானுங்க. அவ்வளவுதான், ஒரே குடத்துத் தண்ணியா, ஒரே வரிசையான்னு பாதிப் பேரு புள்ளைகளை இழுத்துட்டுப் போயிட்டாங்க. போறதுன்னாப் போங்கன்னு சொல்லீட்டன். சின்னத்தாயிய மட்டும் போகச் சொல்ல மாட்டன்னு சொன்னன். கொஞ்ச நாள்ல புள்ளைகளே அழுது அடம் புடிச்சுத் திரும்பி வந்துருச்சுக.

அதுல மொதல்ல ஓடி வந்தவதான் மயிலாத்தா. உங்க ஊட்டுக்கு வர இருந்தவ. ஒருக்காச் சொன்னாப் போதும், கையில புடிச்சுக்குவா. பத்தாவது படிக்கற புள்ளைக்கு என்ன நிதானமுங்க! காயத்துக்குக் கட்டுப் போடறது, ரத்தத்தை நிறுத்தறது, ஆளை அலுங்காமத் தூக்கறது, எல்லாமே. ரெண்டு மூங்கிலு, நடுவுல ஒரு கம்பளி. என்னையே அதுல படுக்க வெச்சுப் பள்ளிக்கூடத்தைச் சுத்தித் தூக்கிட்டு வந்துச்சுக. கம்பளி இல்லீன்னா என்ன பண்றதுங்க கேப்டனக்கான்னு அவதான் கேட்டா. துண்டு, வேட்டி, சேலை, கைக்கு எது கெடைக்குதோ அதுன்னு சொன்னன். கேம்புல எனக்கு அப்பிடித்தான் சொன்னாங்க, அப்பிடித்தான் நானுஞ் சொன்னன். இப்பவும் அதைத்தான் சொல்லுவன்.

மாசி வெயிலுக்கு வேலந்தாவளம் மாட்டுச் சந்தையில தண்ணிப்பந்தல் போட்டமுங்க. புள்ளைகளோட மொத வெளி வேலை அது. வர்றவங்களுக்கெல்லாம் மோரும் தண்ணியும். தரகருகளெல்லாம் வாங்கிக் குடிச்சுப்போட்டு, நல்லா இருங்க கண்ணுகளான்னாங்க. மயிலாத்தாளுக்கு யூனிபாரத் தாவணி துவைச்சது காயலை. ஆறுச்சாமியண்ணன் கடலைக்கா வித்து நோம்பிக்கு எடுத்துக் குடுத்த பச்சைத் தாவணியப் போட்டுட்டு வந்திருந்தா. தண்ணி தீந்து போச்சுன்னு நான் கெணத்தடிக்குப் போனன். அந்நேரத்துலதான் ஒருத்தருக்கு அடி பட்டுருச்சு.

எந்த வாரமா? சந்தையில வாராவாரம் ஆரையாவது மாடு முட்டுது, எனக்கென்னங்க தெரியும். ஆளு ஆருன்னு உங்ககிட்டச் சொன்னாங்க? எவனோ குடிச்சுப்போட்டு விழுந்த வண்டிக்காரனா? உங்க தம்பியா அப்பிடிச் சொன்னாரு? சரிங்க. வண்டிக்காரன்னே வெச்சுக்குங்க.

அந்த வண்டிக்காரன் காலு ஒடிஞ்சு எலும்பு வெளிய தெரியக் கெடக்கறான். பின்மண்டையிலயும் அடி, பேச்சு மூச்சில்லை. ரத்தம் சாணியில கலந்து ஓடுது. சுத்தி அத்தனை ஆம்பளைக. அடடான்னாங்க, பாவமேன்னாங்க, அவிய ஊட்டுக்குச் சொல்லி உடுங்கடான்னாங்க. ஒருத்தனும் குனியலை. எம்புள்ளைகதான் ஓடுச்சுக. கழுத்துத் துண்டை அவுத்துக் காலை இறுக்கிக் கட்டிப்போட்டு, பந்தல் மூங்கிலு ரெண்டை மயிலாத்தா உருவிட்டா. துணிக்குத்தான் அலைஞ்சிருக்கறா. சந்தையில துண்டுக்கா பஞ்சமுங்க? ஒவ்வொருத்தன் தோள்லயும் ஒண்ணு. துண்டு குடுங்க, துண்டு குடுங்கன்னு ஒவ்வொருத்தராக் கேட்டிருக்கறா. ஒருத்தரு ரத்தம் ஆயிருமுன்னு மடிச்சுக் கக்கத்துல வெச்சுக்கிட்டாராமா. ஒருத்தரு துண்டுக்குள்ள தரகரு விரலைப் புடிச்சு வெலை பேசிட்டு நின்னாரு. இரு கண்ணு, பேரம் படியட்டும்ன்னு சொன்னாருங்க. விரலை எடுத்துட்டா அதுவரைக்கும் பேசுன பேரம் கலைஞ்சு போகுமாமா. ஆளு செத்தாலும் பேரம் கலையக் கூடாது!

அப்பறந்தான் அவ தாவணிய அவுத்தா.

நாலா மடிச்சு, மூங்கிலுல சுத்தி, முனையில முடிச்சுப் போட்டு, ஆளை அலுங்காம ஏத்தி, நாலு புள்ளைக நாலு மூலையப் புடிச்சுத் தூக்கிடுச்சுக. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக மாட்டு லாரிதான், அது ரோட்டு முக்குல நிக்குது, கூட்டத்துக்குள்ள வராது. அது வரைக்கும் ஜாக்கெட்டும் பாவாடையுமா அந்தப் புள்ள நடந்துச்சு. ரெண்டு கையிலயும் மூங்கிலு. மாரை மறைக்கறதுக்குக் கை ஏதுங்க? அதுவரைக்கும் நவுராத ஆம்பளைக அப்பத்தான் நவுந்து வழி உட்டாங்க, நல்லாப் பாக்கறதுக்கு. ஒருத்தன் சீட்டி அடிச்சான். நான் தண்ணிக்கொடத்தோட வர்றன், எதுக்க இதுக வருதுக.  என்ற முந்தானையில பாதியக் கிழிச்சு அவ மேல போட்டுட்டு லாரியில நானும் ஏறிட்டன். இன்னுஞ் சித்த நேரம் போயிருந்தா ஆளு மிஞ்சியிருக்க மாட்டான்னு டாக்டரு சொன்னாரு. முடிச்சுப் போட்டது ஆருன்னும் கேட்டாரு.

ஊர்ல அதை ஒருத்தரும் கேக்கலை. ஊர்வாய மூட ஒலைமூடி ஏது? தாவணிய அவுத்தாளாமா, சந்தையே பாத்துச்சாமா, இதானா கைடுல படிச்சது. வாரம் திரும்பறதுக்குள்ள பொங்கியண்ணன் உங்க வார்த்தையத் தூக்கிட்டு வந்துட்டாரு. ஆறுச்சாமியண்ணன் பரீட்சைக்குக் கூட அனுப்பாம அவளை ஊட்டுக்குள்ள போட்டுப் பூட்டிட்டாரு. நான் போயிப் பாத்தன். அழுவான்னு நெனச்சன். கேப்டனக்கா, முடிச்சுச் செரியாத்தானுங்களே போட்டன்னு கேக்கறா. எனக்குத்தான் அழுகை வந்துருச்சு. மத்த புள்ளைகளையும் அம்மாக்காரிக நிறுத்திட்டாங்க. போன சனிக்கெழமை மைதானத்துல நின்னு விசிலு ஊதறன், சின்னத்தாயி ஒருத்திதான் வந்தா. இன்னொரு வாரம் இப்பிடிப் போனா கைடும் இல்லை, மயிலாத்தா வெளிய வர்றதும் இல்லை. அதுக்குத்தான் இந்த வெயில்ல வந்து உக்காந்திருக்கறன்.

என்ன சொன்னீங்க? இன்னொருக்காச் சொல்லுங்க.

அரைத்துணியோட ஒரு பொட்டப்புள்ள சொமந்து பொழைக்கறதுக்கு, ரோசமுள்ளவனா இருந்தா அந்த வண்டிக்காரன் அங்கயே செத்திருக்கோணுமா.

அப்பிடியெல்லாம் வாய் உட்டுச் சொல்லாதீங்க மாமா. நீங்க செத்துப் போயிருந்தா அத்தை என்ன பண்ணும்?

ஏனுங்க அப்பிடிப் பாக்கறீங்க? நெசமாவே ஒருத்தரும் சொல்லலீங்களா? துண்டுக்குள்ள விரலை வெச்சுட்டு நின்னது உங்க தம்பிதானுங்க. அந்த மாட்டை அன்னைக்கே வாங்கிட்டாரு, தொழுவத்துல கட்டியிருக்கும், கத்தறது கேட்டிருக்கும். உங்க தலைமாட்டைப் புடிச்சுட்டு வந்தவ சின்னத்தாயி. அதை எப்பிடி வெளிய சொல்றதுன்னுதான் பங்காளிக தூக்குனாங்கன்னு கதை கட்டியிருப்பாங்க. படுங்க, படுங்க, எந்திரிக்காதீங்க, கட்டு நவுந்துரும். அந்தப் புள்ள போட்ட கட்டுல நின்ன காலு, இப்பக் கெடுத்துக்காதீங்க.

சம்பந்தமெல்லாம் வேண்டாமுங்க, அதை மறுபடி பேசாதீங்க. அவ இந்த ஊட்டுக்கு வர மாட்டா, அவளே சொல்லீட்டா. நான் வந்தது தாவணிக்கு. ஆஸ்பத்திரியில உங்க துணிமணியோட சேத்துச் சுருட்டிக் குடுத்தாங்க, உங்கூட்டுக்குத்தான் வந்துச்சு. வர்ற சனிக்கெழமை அதைத் தோள்ல போட்டுட்டு அவ கொடிக்குக் கீழ நிக்கோணும், ஊரு பாக்கோணும். எதுக்கு அவுத்தான்னு கேக்கறவங்களை உங்ககிட்ட அனுப்பறன். நீங்க வாயத் தொறந்தாலும் சரி, தொறக்காட்டியும் சரி, உங்க ரோசம்.

அத்தே, கதவுக்குப் பின்னால நிக்கறது தெரியுதுங்க. அழுகாதீங்க. அந்தப் பச்சைத் தாவணிய எடுத்துட்டு வாங்க. கறை போகலீன்னாலும் பரவாயில்லை, மாமனோட ரத்தந்தானுங்களே.