பேப்பர் இல்லாத விரியன்

அறந்தாங்கியில் பாம்புக்குப் போட நல்ல வெள்ளெலி கிடைக்காது, சார். திருச்சிக்குத்தான் போக வேண்டும். போகும்போதெல்லாம் என் மனைவி ரஞ்சிதாவுக்கு மல்லிகையும் வாங்கி வருவேன். எங்களுக்குள் பெரிய சண்டை எதுவும் வந்ததில்லை.

பாம்பு ஆப்பிரிக்க விரியன். பாங்காக் போய் வந்த ஒருவர் துணிப்பையில் கட்டி, பெட்டியில் உடுப்புகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தார். இறக்குமதிச் சான்று கிடையாது. நல்ல பாம்பைப் பிடித்து வைத்தால் குற்றம் என்று எனக்கும் தெரியும். ஆனால் இது நம் நாட்டுப் பாம்பே இல்லை. நான் அதற்குப் பசி தெரியாமல் பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

ரஞ்சிதாவுக்கு ஆவுடையார்கோவில் இ-சேவை மையத்தில் வேலை. சட்டம் பற்றி அங்கே யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"வெளிநாட்டுப் பிராணி வச்சிருந்தா பதியணுமாம்ங்க. நானே பதிஞ்சு விடுறேன்."

"எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்க."

"அப்ப பாரஸ்ட் ஆபீஸ்ல ஒப்படைச்சிருவோம். எனக்கு அது இருக்குற ரூம் பக்கம் போகவே பயமா இருக்குங்க."

"பாக்கலாம்," என்றேன். அவள் எத்தனை முறை கேட்டாலும் அதையேதான் சொன்னேன்.

கடிபட்டதற்கு முந்தின நாள் அவள் உங்கள் பாரஸ்ட் ஆபீசுக்கு போன் செய்திருந்தாள் என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது. மறுநாள் காலையில் நான் குளித்துக்கொண்டிருந்தபோது, உங்களிடம் கொண்டுவருவதற்காகப் பாம்பை மூடிபோட்ட வாளிக்கு மாற்றப் பார்த்திருக்கிறாள். சத்தம் கேட்டு வந்தேன். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். பாம்பு கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

முதலில் பாம்பை அதன் கண்ணாடிப் பெட்டிக்குள் விட்டுப் பூட்டினேன். வேறு யாரையும் கடித்துவிடக் கூடாது அல்லவா. ஆம்புலன்சைக் கூப்பிடவில்லை, கூப்பிட்டால் வீட்டுக்குள் வருவார்கள். பைக்கில் உட்கார வைத்து, என் இடுப்போடு துண்டால் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழியெல்லாம் அவளிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே போனேன்.

"என்ன பாம்பு, பாத்தீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"கண்ணாடி விரியன், டாக்டர். கொல்லையில விறகு எடுக்கப் போனா."

ரஞ்சிதாவின் கை அதற்குள் முழங்கை வரை வீங்கியிருந்தது. "இல்ல டாக்டர்," என்றாள். "அது இங்கிட்டு உள்ள பாம்பு இல்ல. இவுக..."

"பயத்துல ஒளறுறா டாக்டர்," என்றேன். அவள் நெற்றியைத் தடவிவிட்டேன். அவள் என்னையே பார்த்தாள். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். நம் ஊர் விரியனுக்கு உள்ள மருந்தைக் குறைவில்லாமல் ஏற்றினார். அது இந்தப் பாம்புக்குக் கேட்காது என்று அவருக்கு எப்படித் தெரியும்? மறுநாள் சாயங்காலம் ஈறுகளில் ரத்தம் கசிந்து, மூச்சு நின்றது. கடைசிவரை அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். நர்ஸைக் கேட்டால் சொல்வார்.

நீங்கள் வீட்டைச் சோதனை போடும்போது பிரிட்ஜில், முட்டைகளுக்குப் பின்னால், சில குப்பிகள் இருக்கும். அந்த விரியனுக்கு உரிய விஷமுறிவு மருந்து அது. பாம்போடு சேர்ந்து வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தால் எங்கே கிடைத்தது என்று கேட்டிருப்பார்கள். தவிர, அது ஒரு ஆளுக்குத்தான் போதும். தினமும் பாம்பைக் கையாள்கிறவன் நான். நாளைக்கே எனக்கு ஒன்று ஆகிவிட்டால், பாவம், ரஞ்சிதாவுக்கு யார் இருக்கிறார்கள் என்றுதான் அந்த நேரத்திலும் யோசித்தேன்.