ஏற்றத்தில் இறக்கிவிட்ட பிள்ளைகள்

பலாபத்வலையில் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது, பக்கத்து கராஜில் பள்ளி வேன் டிரைவர் மெக்கானிக்கிடம் சொன்னது காதில் விழுந்தது.

“காலைல ஏத்தத்துல பிள்ளைங்கள எறக்கி நடக்க விட்டேன் பாஸ். அப்பதான் வண்டி ஏறுச்சு.”

என் மகள் போவது வேறு வேன். இருந்தாலும் வந்த பஸ்ஸை விட்டுவிட்டேன்.

மெக்கானிக் இன்ஜினுக்குள் விரலை விட்டு எடுத்தார். விரல் முழுக்கக் கரி.

“த்ரொட்டில் வால்வு கரி புடிச்சு இறுகிக் கெடக்கு. இன்ஜினுக்குக் காத்தே போகல. கழட்டிக் கழுவணும்.”

“நாளைக்குக் கழுவுவோமே. இப்ப ஸ்கூல் விடுற நேரம்.”

“எறக்கத்துல இன்ஜின் நின்னுட்டா பிரேக் கல்லு மாதிரி ஆயிரும். மிதிச்சு நிப்பாட்டிருவீங்களா?”

“லேட்டானா தாய்மாருங்க போன்லயே என்னைக் கொன்னுருவாங்க பாஸ்!”

“கொல்லட்டும். நீங்க பிள்ளைங்களக் கொல்லாம இருந்தாச் சரி.”

சொல்லிக்கொண்டே மெக்கானிக் வேன் சாவியை உருவித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.